90 நிமிடக் கசெட்டில் அடங்காத அல்பம்

போன ஞாயிறு உம்முடைய அப்பாவோடு வீட்டுக்கு வந்தபோது நீர் கேட்ட கேள்விக்கு, பிளேன்டீ ஆறுவதற்குள் பதில் சொல்ல முடியவில்லை. அதுதான் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

உம்முடைய கேள்வி இது. நைன் இன்ச் நெய்ல்ஸ் 1999 இல் வெளியிட்ட ‘த ஃப்ரெஜைல்’ அல்பத்தை வைத்துக் கம்பஸில் உம்முடைய கூட்டாளிகள் இரண்டு பேர் சண்டை. அந்த இசைக்குழு செய்ததிலேயே பெரிய வேலை இதுதான் என்று ஒருவன் சத்தியம் பண்ணுகிறான். மற்றவள், இழுவை, பாதியை வெட்டி எறிந்திருக்கலாம், 1994 இல் வந்த ‘த டௌன்வர்ட் ஸ்பைரல்’ தான் உச்சம் என்கிறாள். “அங்கிள், ரெண்டு பேரில யார் சரி? நான் எதிலயிருந்து தொடங்கிறது?” என்று கேட்டீர்.

என்னைக் கேட்டால், அவர்கள் இருவரும் ஒரே அல்பத்தைக் கேட்டிருக்கிறார்களா என்பதே எனக்குச் சந்தேகம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கொழும்பில் எங்களுக்கு அப்படித்தான் நடந்தது.

அந்த அல்பத்தில் 23 பாட்டுகள், இரண்டு இறுவட்டுகள். ஒன்றுக்கு ‘லெஃப்ட்’ என்று பெயர், மற்றதற்கு ‘ரைட்’. முதலாவது கிட்டத்தட்ட 55 நிமிடம், இரண்டாவது 49. மொத்தம் 103 நிமிடம் சொச்சம். அந்தக் காலத்தில் எங்களிடம் இருந்ததோ 90 நிமிடக் கசெட், பக்கத்துக்கு 45 நிமிடம். காலி வீதியில் ஒரு சின்னக் கடையில் காசு கொடுத்தால் இறுவட்டிலிருந்து கசெட்டுக்கு அடித்துத் தருவார்கள். அசல் இறுவட்டு வாங்க எங்கள் யாருக்கும் வசதியில்லை. நான் கசெட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்துப் போனபோது கடைக்கார அண்ணர் சொன்னார்: “தம்பி, இடம் காணாது. பாட்டில்லாம சும்மா மியூசிக் மட்டும் போற மூண்டைத் தூக்கிட்டன். உமக்கு நட்டமில்லை.”

அவர் தூக்கிய மூன்றும் ‘த ஃப்ரெய்ல்’, ‘பில்கிரிமேஜ்’, ‘லா மேர்’. கணக்குப் போட்டுப் பாரும், மூன்றும் சேர்ந்து சரியாகப் பத்து நிமிடம். முதற்பக்கம் அச்சொட்டாக அடங்கிவிட்டது. இரண்டாம் பக்கத்தில் அவர் எதையும் வெட்டவில்லை. அதனால் கடைசிப் பாட்டான ‘ரைப்’ பாதி வழியில் டக் என்று நின்றுவிடும். அந்தப் பாட்டின் முழுத் தலைப்பு பழுத்து அழுகுவதைப் பற்றியது. ஆகவே அந்தத் திடீர் முடிவும் கலைஞன் வேண்டுமென்றே வைத்தது என்று நான் ஒரு வருடத்துக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தேன். நாடா முடிந்ததைத் தத்துவம் என்று நினைத்த பேர்வழி நான். இப்படிப்பட்டவன் அபிப்பிராயம் சொல்கிறான் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியும்.

கொட்டாஞ்சேனையில் என் கூட்டாளி ஒருவனுக்கு டொரொன்டோவிலிருந்து மாமா இரண்டு இறுவட்டையும் அனுப்பியிருந்தார். அவன் மிருதங்கம் பழகியவன். தெஹிவளையில் இன்னொருவன், பறங்கியர் குடும்பம், வீட்டில் ஆங்கிலம்தான் பேச்சு. அவனிடம் யாரோ இரவல் கொடுத்த ‘ரைட்’ மட்டும் இருந்தது. மூன்று பேரும் பம்பலப்பிட்டியில் மஜெஸ்டிக் சிற்றி கடைத்தொகுதி வாசலில் நின்று மணிக்கணக்காகச் சண்டை பிடித்தோம். ஒருவனிடம் முழுசு, ஒருவனிடம் பாதி, என்னிடம் இசைத்துண்டுகள் உருவப்பட்ட எலும்புக்கூடு. ஆனால் மூன்றின் பெயரும் ஒன்று. இன்று நீங்கள் போனில் ஷஃபிள் போட்டு, பாட்டுகளின் வரிசையைக் குலைத்துக் கேட்கிறீர்களே, அதுவும் ஏறத்தாழ எங்கள் கடைக்கார அண்ணர் செய்த வேலைதான். அவராவது காரணம் சொன்னார்.

சரி, முதலில் இந்த ஆள் யார் என்று பார்ப்போம். நைன் இன்ச் நெய்ல்ஸ் என்றால் அந்தக் காலத்தில் ட்ரென்ட் ரெஸ்னர் என்ற ஒரே ஆள்தான், மற்றவர்கள் வருவார்கள், போவார்கள். 1988 இல் அமெரிக்காவின் கிளீவ்லண்டில் தொடங்கியது. பகலில் ஒரு ஒலிப்பதிவு கூடத்தில் எடுபிடி வேலை, நிலம் துடைப்பதும் அதற்குள் அடக்கம். இரவில் கூடம் சும்மா கிடக்கும் நேரத்தில் தன்னுடைய பாட்டுகளைப் பதிவு செய்தார். 1989 இல் முதல் அல்பம். 1994 இல் ‘த டௌன்வர்ட் ஸ்பைரல்’. ஒரு மனிதன் படிப்படியாகத் தன்னையே அழித்துக்கொள்வதைத் தொடக்கம் முதல் முடிவு வரை சொன்ன அல்பம் அது. அதன் கடைசிப் பாட்டு ‘ஹர்ட்’. அமெரிக்கப் பாடகர் ஜொனி கேஷ் 2002 இல் முதுமையின் குரலில் பாடியதைத்தான் நீர் முதலில் கேட்டிருப்பீர்.

பிறகு ஐந்து வருட மௌனம். முழு மௌனம் என்றும் சொல்ல முடியாது, ‘குவேக்’ கணினி விளையாட்டுக்கு இசை, படமொன்றுக்கு ஒரு பாட்டு என்று இடையில் ஏதோ வந்தது. ஆனால் அல்பம் வரவில்லை. அந்த இடைவெளியில் அவரை வளர்த்த பாட்டி இறந்துபோனார். நியூ ஓர்லியன்ஸில் முன்பு மரணச்சடங்கு நடத்தும் நிலையமாக இருந்த ஒரு கட்டடத்தைக் கூடமாக மாற்றி, அதற்குள் ஒலிப்பதிவாளர் அலன் மோல்டரோடு இருந்து, பதிவு செய்து பதிவு செய்து மலைபோல் குவித்தார். கடைசியில் எந்தப் பாட்டுக்குப் பின் எது என்று அவருக்கே பிடிபடவில்லை. பிங்க் ஃப்ளொய்ட் குழுவின் ‘த வோல்’ அல்பத்தைத் தயாரித்தவர்களில் ஒருவரான பொப் எஸ்ரினை அழைத்து, வரிசைப்படுத்தித் தரும்படி கேட்டார். இந்தத் தகவலை மறக்க வேண்டாம், திரும்ப வருவேன்.

1999 செப்டெம்பர் 21 வெளியீடு. முதல் வாரம் அமெரிக்காவில் 2,28,000 பிரதிகள், பில்போர்ட் விற்பனைப் பட்டியலில் முதலிடம். அடுத்த வாரமே 16 ஆம் இடம். முதலிடத்தில் நுழைந்த ஒரு அல்பம் அவ்வளவு ஆழத்துக்கு விழுந்தது அதுவரை இல்லை என்றார்கள். விமர்சகர்களும் இரண்டுபட்டார்கள். ‘ஸ்பின்’ சஞ்சிகை அதையே அந்த வருடத்தின் சிறந்த அல்பம் என்றது. ‘பிட்ச்ஃபோர்க்’ என்ற இணைய விமர்சனத் தளம் 10க்கு 2 புள்ளி கொடுத்துச் சிரித்தது. அந்த வருடம் பெடியள் கேட்டது லிம்ப் பிஸ்கிட், கோர்ன். தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு குதிக்கிற இசை. அதற்கு நடுவில் இந்த ஆள் பியானோவும் கையுமாக வந்து நின்றால்?

கோபம் குறைந்துவிட்டது என்பதுதான் பலருடைய முதல் முறைப்பாடு. இங்கே, இவருடைய இசை வகைக்குச் சொல்லப்படும் ‘இண்டஸ்ட்ரியல்’ என்ற பெயரைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அந்தப் பெயர் 1976 இல் த்ரொபிங் கிரிசில் என்ற பிரித்தானியக் குழு தொடங்கிய ‘இண்டஸ்ட்ரியல் ரெக்கோர்ட்ஸ்’ நிறுவனத்திலிருந்து வந்தது. அவர்களுடையது ரொக் கிடையாது. கேட்பவரைச் சங்கடப்படுத்துகிற சத்தம், நாடாத் துண்டுகள், இரைச்சல். 1980 இல் மேற்கு பெர்லினில் ஐன்ஸ்ட்யூர்ட்செண்டே நொய்பவுட்டன் தோன்றியது. பழைய இரும்பு, துளைக்கும் மெஷின் எல்லாம் அவர்களுக்கு வாத்தியம். இந்த இரைச்சலைச் சிக்காகோவின் மினிஸ்ட்ரி போன்ற குழுக்காரர்கள் கிட்டாரோடும் இயந்திரத் தாளத்தோடும் சேர்த்துக் கட்டினார்கள். ரெஸ்னர் அதற்குள் மெட்டைக் கொண்டுவந்தார், வாய்விட்டுப் பாடக்கூடிய மெட்டு. அதனால்தான் அவர் பிரபலமானார், அதனால்தான் பழைய ஆட்களுக்கு அவரைப் பிடிக்காது.

ஆக, ‘த ஃப்ரெஜைல்’ மென்மையாகிவிட்டது, இண்டஸ்ட்ரியல் இல்லை என்று சொல்பவர்கள் இண்டஸ்ட்ரியல் என்றால் வேகமும் கத்தலும் என்று பிடித்துவைத்திருக்கிறார்கள். அந்த வழியின் வேர் அப்படி இல்லை. கிட்டாரைக் கிட்டார் மாதிரி ஒலிக்க விடாமல், குரலைக் குரல் மாதிரி ஒலிக்க விடாமல், கேட்பது மனிதனா மெஷினா என்று காது திணற வேண்டும். அந்த அளவுகோலில் பார்த்தால் இது அவருடைய மற்ற எந்த அல்பத்துக்கும் குறைந்ததில்லை. வெளியீட்டுக்கு முன் தனிப்பாட்டாக வந்த சிங்கிள் ‘த டே த வேர்ல்ட் வென்ட் எவே’. ட்ரம்ஸே இல்லாத பாட்டு! ஐந்து வருடம் காத்திருந்த ஆட்களுக்கு முதலில் நீட்டியது அதைத்தான். துணிச்சல் என்றும் சொல்லலாம், திமிர் என்றும் சொல்லலாம். நான் இரண்டும் என்பேன்.

எங்கள் வீட்டில் அபிப்பிராய பேதமே இருக்கவில்லை. வெள்ளவத்தை ஃப்ளாட்டில் ‘சம்வட் டெமேஜ்ட்’ முதல் தடவை ஓடியபோது அம்மா குசினியிலிருந்து ஓடிவந்தார். “கிரைண்டருக்குள்ள கல்லு கில்லு விழுந்திட்டுதோ?” என்றார். சோதனைச் சாவடி ஒன்றில் பையைக் கிளறிய சிப்பாய் ஒருவன் வோக்மனை எடுத்து, இயர்போனைக் காதில் வைத்து, அரை நிமிடம் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டான். பிறகு சிங்களத்தில் “மேக்க சிந்துவக்த?” என்றான். இது ஒரு பாட்டா என்று. ஓம் என்றேன். தலையை ஆட்டிச் சிரித்துவிட்டு அடையாள அட்டையைத் திருப்பித் தந்தான். அந்த வருடங்களில் அந்த இடத்தில் ஒரு தமிழ்ப் பெடியனுக்குக் கிடைத்த சிரிப்பு அது. அந்தக் கசெட்டை நான் எறியாமல் வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது முறைப்பாடு, வரிகள். ரெஸ்னருடைய சொற்களஞ்சியம் சின்னது என்பது உண்மை. ஒன்றுமில்லை, எல்லாம், விழுகிறது, உடைகிறது, நான், நீ. பதினாறு வயதுப் பிள்ளை டயரியில் எழுதுவது போன்ற எதுகைகள். என் தெஹிவளைக் கூட்டாளிக்கு இது தாங்கவே முடியாது. ‘ரைட்’ பக்கத்தில் ஒரு பாட்டு இருக்கிறது, தலைப்பை உம்முடைய அப்பாவின் முன்னால் சொல்ல முடியாது, புகழுக்குப் பின்னால் ஓடுகிறவர்களைத் திட்டுவது. அதைக் கேட்டால் அவன் காதைப் பொத்துவான். “முப்பத்துநாலு வயசு ஆள் எழுதுற வரியாடா இது?” என்பான்.

எனக்கும் கொட்டாஞ்சேனைக்காரனுக்கும் அது ஒரு குறையாகவே படவில்லை. ஏன் என்று வெகுகாலம் கழித்துத்தான் விளங்கியது. வீட்டில் ஆங்கிலம் பேசி வளராதவனுக்கு அந்த வரிகள் முதலில் சத்தம், பிறகுதான் சொல். அவர் முணுமுணுப்பதும் மூச்சை இழுப்பதும் குரல் கிழிவதும் எங்களுக்கு வாத்தியம் மாதிரி வந்து விழுந்தன. அர்த்தம் விளங்கும்போது அது ஏற்கெனவே உள்ளே இறங்கிவிட்டது. ஆனால் தமிழ்ப் பாட்டில் ஒரு வரி சொத்தையாக இருந்தால் நான் மெட்டு எவ்வளவு வடிவாக இருந்தாலும் மன்னிக்க மாட்டேன். ஆகவே தெஹிவளைக்காரன் பிழை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவன் தன் தாய்மொழியில் கேட்டான், நான் அப்படிக் கேட்கவில்லை.

இப்போது பெரிய முறைப்பாட்டுக்கு வருவோம்: நீளம். “ஒரே இறுவட்டாகச் சுருக்கியிருந்தால் தலைசிறந்த அல்பம்.” இதை ஒரு தடவையாவது சொல்லாத ரசிகர் இல்லை. நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அப்படிச் சொல்கிறவரிடம் ஒரு தாளைக் கொடுத்து, எந்தப் பன்னிரண்டு பாட்டை வைப்பீர் என்று எழுதச் சொல்லும். பிறகு அடுத்தவரிடம் கொடும். ஒரு பட்டியல் மற்றதோடு ஒத்துப்போகாது. நாங்கள் மூன்று பேரும் இப்படி எழுதியபோது மூன்றிலும் பொதுவாக இருந்தவை நாலோ ஐந்தோதான். ஒருவனுக்குக் கழிவாகத் தெரிந்தது இன்னொருவனுக்கு உயிர்.

நான் கட்சி மாறியது அதற்கும் பிறகு. கொட்டாஞ்சேனைக்காரன் வீட்டில், ஆடிவேல் விழா நாளொன்றில், அவனுடைய இறுவட்டில் முதற்பக்கத்தை முழுதாகக் கேட்டேன். மூன்றாவதாக ஒரு சின்னப் பியானோத் துண்டு வந்தது, இரண்டு நிமிடம்கூட இல்லை. அதுதான் என்னுடைய கசெட்டில் இல்லாத ‘த ஃப்ரெய்ல்’. மூன்று பாட்டுக்குப் பிறகு அல்பத்தின் பெயரையே கொண்ட பாட்டில் அதே மெட்டுத் திரும்பி வந்தது, உடல் பெருத்து, கிட்டாரோடு. எனக்குத் தலைமயிர் சிலிர்த்துவிட்டது. அந்தப் பாட்டை அதற்கு முன் நூறு தடவை கேட்டிருப்பேன். நல்ல பாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். அது ஒரு திரும்பிவருதல் என்று தெரியாது. யாரோ ஒருவர் வீட்டுக்குத் திரும்பி வருகிறார், ஆனால் அவர் போனதை நான் பார்த்திருக்கவில்லை. அதுதான் என் நிலை.

‘லா மேர்’ கதையும் அதுதான். அதன் பியானோவில் வரும் சாயல் இரண்டாம் பக்கத்தில் ‘இன்டு த வொய்ட்’ பாட்டில் மறுபடி தலைகாட்டும். கடை அண்ணர் வெட்டிய மூன்றில் இரண்டு, பின்னால் வரப்போகும் பாட்டுகளின் விதைகள். பாடல் இல்லாத மியூசிக் சும்மா நிரப்புகிற சரக்கு என்று அவர் நினைத்தார். 2 புள்ளி போட்ட விமர்சகரும் அந்தக் கடைக்காரரும் ஒரே மாதிரித்தான் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு எண்ணம்.

நாங்கள் இருவரும் அன்று வெளியே வந்தபோது தெருவில் நாதஸ்வரம், தவில். கொட்டாஞ்சேனைக்காரன் சொன்னான்: “ஆலாபனையை வெட்டிட்டுக் கீர்த்தனையை மட்டும் வாசி எண்டு இந்த மனுசனிட்டச் சொல்லிப் பாரன், தவிலாலயே அடிப்பார்.” ராகத்தின் முகத்தை முதலில் காட்டிவிட்டுத்தான் பாட்டு. எங்கள் ஊரில் அதை யாரும் இழுவை என்று எழுந்துபோவதில்லை. (போகிறவர்கள் இருக்கிறார்கள்தான். சாப்பாட்டுப் பந்தி தொடங்கிவிட்டால்.) எஸ்ரினைக் கூப்பிட்டது இதற்காகத்தான். அந்த அல்பத்தின் பாதி உயிர் வரிசையில் இருக்கிறது. வரிசையைக் குலைத்தால் 23 துண்டுகள் மிஞ்சும், அதில் சில துண்டுகள் சுமாரானவை. இழுவை என்று சொல்பவள் அந்தத் துண்டுகளைக் கேட்கிறாள் என்று நினைக்கிறேன்.

கொட்டாஞ்சேனைக்காரனுக்குப் பைத்தியம் ‘ஜஸ்ட் லைக் யூ இமேஜின்ட்’ மேல். அதுவும் பாட்டில்லாத துண்டு. ஆனால் ஏதோ தயவில் என் கசெட்டில் தப்பியிருந்தது. ஹா ஹூ என்று குரல் வருவதால் கடைக்காரர் பாட்டு என்று நினைத்துவிட்டாரோ என்னவோ. அதை வழக்கமான நாலில் எண்ணினால் நழுவிக்கொண்டே போகும். அவன் தொடையில் தட்டித் தட்டிப் பார்த்து, “பத்தடா, கண்ட சாபு ரெண்டு தரம்” என்றான். கண்ட சாபு என்றால் ஐந்து எண்ணிக்கைத் தாளம். பியானோ வாசிப்பது மைக் கார்சன். பிரித்தானியப் பாடகர் டேவிட் போவியின் 1973 ஆம் ஆண்டு ‘அலாடின் சேன்’ அல்பத்தில் அந்தப் பித்துப் பிடித்த பியானோவை வாசித்த அதே ஆள். கிட்டாரில் கிங் கிரிம்சன் குழுவின் ஏட்ரியன் பெலூ. இன்னொரு பாட்டைக் கலவை செய்து கொடுத்தது டொக்டர் ட்ரே, ஆம், ராப் உலகத்து ட்ரேதான். ‘ஈவன் டீப்பர்’ பாட்டின் அடித்தாளம் ஏன் அப்படிக் கனமாக நடக்கிறது என்று இப்போது விளங்கும்.

‘லா மேர்’ பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. பிரெஞ்சில் கடல் என்று பொருள். பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுசி அதே பெயரில் பெரியதொரு வாத்தியக்குழுப் படைப்பு எழுதியிருக்கிறார். ரெஸ்னர் மிக மோசமான மனநிலையில் கலிபோர்னியாவில் பிக் சர் கடற்கரைப் பக்கம் போய்த் தனியே இருந்தபோது எழுதியது. ஒரு பெண்குரல் கிரியோல் மொழியில் மெதுவாகப் பேசும், அவ்வளவுதான். கீழே தாளம் ஒரு கணக்கில் போகும், மேலே பியானோ இன்னொரு கணக்கில். கரையும் அலையும் மாதிரி, ஒன்றையொன்று தொடும், ஒத்துப்போகாது. அந்தத் துண்டு எனக்குக் கிடைத்த பிறகு வெள்ளவத்தைத் தண்டவாளத்தைத் தாண்டிக் கற்பாறையில் இருந்து எத்தனை பின்னேரம் கேட்டேன் என்று கணக்கில்லை. ரயில் போகும்போது பாட்டு அமுங்கிவிடும். ரயில் போனபின் பார்த்தால் பியானோ அங்கேயே நிற்கும். அதற்குப் பிறகு வருகிற ‘த கிரேட் பிலோ’வில் கடலுக்குள்ளேயே இறங்குகிறார். முதற்பக்கம் அதோடு முடிகிறது. முடிவு என்றால் அதுதான் முடிவு.

அதனால்தானோ என்னவோ, இரண்டாம் பக்கத்தில் எனக்கும் குறை உண்டு. இங்கே உம்முடைய கூட்டாளிப் பெண்ணுடன் பாதி உடன்படுகிறேன். ‘த வே அவுட் இஸ் த்ரூ’, ‘இன்டு த வொய்ட்’ இரண்டும் அற்புதம். அதற்குப் பிறகு ‘வேர் இஸ் எவ்ரிபடி’யிலிருந்து ‘கொம்ப்ளிகேஷன்’ வரை தளர்ந்துவிடுகிறது. ‘ப்ளீஸ்’ இல்லாவிட்டால் யாருக்கும் நட்டமில்லை. அந்தத் திட்டுப் பாட்டு வேறொரு அல்பத்திலிருந்து வழிதவறி வந்தது போல நிற்கும். கடலுக்குள் இறங்கியவன் திரும்ப எழுந்து வந்து ஊர்ச் சண்டை பிடிக்கிறான். ‘த பிக் கம் டௌன்’ வந்ததும் மறுபடி நிமிர்ந்து உட்காருவேன். தெஹிவளைக்காரனிடம் இருந்தது இந்த இரண்டாம் பக்கம் மட்டும்தானே. அவனுக்கு அல்பம் பிடிக்காமல் போனதில் ஆச்சரியமே இல்லை. எனக்கு அதுமட்டும் கிடைத்திருந்தால் நானும் 2 புள்ளிதான் போட்டிருப்பேன்.

இதற்குப் பிறகு நடந்தது வேடிக்கை. ரெஸ்னர் போதைப் பழக்கத்தை விட்டு மீண்டு, 2005 இல் அடுத்த அல்பத்தோடு வந்தார். 2008 இல் முழுக்க முழுக்கப் பாட்டில்லாத ‘கோஸ்ட்ஸ்’ தொகுதியை வெளியிட்டார். பிறகு இசையமைப்பாளர் அட்டிகஸ் ரொஸ்ஸோடு சேர்ந்து ‘த சோஷல் நெட்வேர்க்’ படத்துக்கு இசையமைத்து 2011 இல் ஒஸ்கார் வாங்கினார். அந்தப் படத்தின் இசையைக் கேட்டுவிட்டு ‘த ஃப்ரெஜைல்’ பக்கம் வருகிற உம்முடைய வயதுப் பிள்ளைகளுக்கு, நாங்கள் வெட்டி எறிந்த துண்டுகள்தான் முதலில் பிடிக்கின்றன. தனிமையான பியானோ, அதன் அடியில் மெஷின் உறுமல், எல்லாமே 1999 இல் அங்கே இருக்கிறது. ‘பிட்ச்ஃபோர்க்’ 2017 இல் அதே அல்பத்தை மறுபடி எடுத்து 8.7 போட்டது. அல்பத்தில் ஒரு சத்தம்கூட மாறவில்லை. ரெஸ்னரே அந்த அல்பத்தின் குரலை நீக்கி, வெளிவராத துண்டுகளையும் சேர்த்து ‘டீவியேஷன்ஸ்’ என்று தனியாக வெளியிட்டார். எங்கள் கடை அண்ணர் கேள்விப்பட்டால் என்ன சொல்வாரோ. அவர் தூக்கியதை மட்டும் வைத்து ஆள் ஒரு தொகுதியே போட்டுவிட்டார்.

பெரிய இசைத்தட்டு வாங்குகிற எண்ணம் இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளும், 1999 இல் வந்த மூன்று தட்டுத் தொகுதியில் இறுவட்டில் இல்லாத இரண்டு துண்டுகள் கூடுதலாக உண்டு. அதாவது கம்பனியே ஒன்றுக்கு மேற்பட்ட ‘ஃப்ரெஜைல்’ வெளியிட்டிருக்கிறது. சண்டை தீராததற்கு எங்களை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை.

நீர் எதிலிருந்து தொடங்குவது? உமக்குப் பட இசை பிடிக்கும் என்று அப்பா சொன்னார். அப்படியென்றால் ‘டௌன்வர்ட் ஸ்பைரல்’ முதலில் வேண்டாம். ‘லெஃப்ட்’ மட்டும், முதற்பாட்டிலிருந்து பன்னிரண்டாவது வரை, 55 நிமிடம். ஷஃபிளை நிறுத்திவிடும், போனைக் கவிழ்த்து வையும். முடிந்ததும் ‘ரைட்’டுக்குத் தாவ வேண்டாம், ஒரு கிழமை விடும். பிறகு ‘ரைட்’. அதில் நடுவில் சலிப்பு வந்தால் உம்மில் பிழையில்லை, ஆனால் ‘இன்டு த வொய்ட்’ தொடங்கும்போது எங்கேயோ கேட்டது மாதிரி இருக்கிறதா என்று மட்டும் கவனியும். இருக்கிறது என்றால் நீர் உம்முடைய கூட்டாளிப் பெடியன் பக்கம். இல்லையென்றால் மற்றவள் பக்கம் போய் நில்லும், அங்கேயும் நல்ல ஆட்கள் இருக்கிறார்கள், தெஹிவளைக்காரன் இன்னும் அங்கேதான் நிற்கிறான்.

என்னிடம் இப்போது இரண்டு இறுவட்டும் இருக்கின்றன. அப்பா சனிக்கிழமை வந்தால் கொடுத்துவிடுகிறேன். கேட்கிற பிளேயரையும் தருவேன், அதன் மூடி மட்டும் சரியாகப் பூட்டாது, விரலால் அழுத்திக்கொண்டு கேட்க வேண்டும். கசெட்டைக் கேட்க வேண்டாம், அதைத் தர மாட்டேன்.